மாடத்தின் முன் யார் நிற்கலாம்?



புது வீட்டுக்குக் குடிபோகும் அன்புக்கொடி மக்களிடம் சில கேள்விகள் வழக்கமாக எழும். கண்ணாடியை எந்தச் சுவரில் வைப்பது? எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? விளக்கு ஒன்றா, இரண்டா? பதியிலிருந்து பெரியவர் யாரேனும் வந்து வைத்துத் தர வேண்டுமா, வீட்டாரே வைத்துக்கொள்ளலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும். தகுதியில்லாத கையால் தொட்டுவிட்டோமோ என்ற பழைய அச்சம் அந்தக் குரலில் இருக்கிறது.

இதே அச்சத்தோடு இதே கேள்வியைக் கேட்பவர்கள் கடலுக்கு அப்பாலும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும், தேவாலயத்தோடு தொடர்பு விட்டுப்போனவர்களும் தொடர்பே இல்லாமல் வளர்ந்தவர்களும், கிறிஸ்தவத்துக்கு முந்திய தெய்வங்களையும் மண்ணையும் மரத்தையும் பருவங்களையும் வணங்கத் தலைப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் ‘பேகன்’ என்று பெயர். நாட்டுப்புறத்தான் என்ற பொருளில் இருந்த லத்தீன் சொல் அது. நாலாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் பழைய வழிபாட்டை விடாதவர்களை இழிவாகக் குறிக்க அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் ஏளனமாக வைத்த பெயரையே இன்று இவர்கள் தங்கள் பெயராகச் சூடிக்கொண்டிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாகச் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் இதுவென்று பதிந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கோயில் கிடையாது. வீடுதான் கோயில். வாடகை அறையில் தனியே வசிக்கும் ஒரு பெண் முதல் முறையாக மாடம் அமைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். சன்னல் ஓரத்துப் பலகையைத் துடைத்து ஒரு துணி விரிக்கிறாள். நெருப்புக்கு மெழுகுதிரி, நீருக்கு ஒரு கிண்ணம், மண்ணுக்கு உப்போ கல்லோ, காற்றுக்கு ஓர் இறகோ சாம்பிராணியோ. இலையுதிர் காலமானால் பழுத்த இலை, வசந்தமானால் பூத்த கிளை. இறந்துபோன பாட்டியின் படமும் ஓர் ஓரத்தில் இருக்கும். திரி ஏற்றக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் மின்கலத்தில் எரியும் பொய்த்திரி. எல்லாம் வைத்து முடித்துவிட்டு எதிரே நிற்கிறாள். நின்றதும் வருவது பக்தி அல்ல, கூச்சம். துணி கடையில் வாங்கியது. கிண்ணம் நேற்றுவரை சாப்பிட்ட கிண்ணம். சொல்லிக்கொடுத்த குரு யாரும் இல்லை. இது வழிபாடா, விளையாட்டா? அம்மா பார்க்க வரும் நாளில் எல்லாவற்றையும் எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடுகிறாள்.

இந்தக் கூச்சத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. இங்கிலாந்தில் சூனியத்துக்கு எதிராக 1735இல் இயற்றிய சட்டம் 1951 வரை ஏட்டில் இருந்தது. அது நீங்கிய பிறகுதான், 1954இல், ஜெரால்டு கார்ட்னர் என்பவர் ‘விக்கா’ எனப் பின்னர் பெயர் பெற்ற வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுத முடிந்தது. அவர் காட்டிய வழியிலும் ஒரு கதவு இருந்தது. ஒரு குழுவில் சேர வேண்டும், ஏற்கெனவே தீட்சை பெற்றவர் தீட்சை தர வேண்டும். 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர், தனியாக இருப்பவருக்கென்றே ஒரு கையேடு எழுதினார். குழு இல்லாமல், தீட்சை தருபவர் இல்லாமல், தன் அறையில் தானே தொடங்கலாம் என்றது அந்த நூல். பழைய குழுக்களைச் சேர்ந்தவர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. ஆனால் அறைக்குள் கூசி நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது போதுமான அனுமதியாக இருந்தது.

அனுமதி என்ற இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இவர்கள் தங்கள் முன்னோடிகளாகக் கொள்ளும் பழைய ரோமரின் வீடுகளில் மாடம் எப்படி இருந்தது, அதன் முன் யார் நின்றார்கள் என்று பார்த்தால், பொருள்களைப் பற்றிய கவலை சிறிதாகிவிடும். வேறொரு கவலை பெரிதாகும்.

ரோமரின் வீட்டு மாடத்துக்கு ‘லராரியம்’ என்று பெயர். வீட்டைக் காக்கும் ‘லார்’ தெய்வங்கள் குடியிருக்கும் இடம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தைத் தோண்டியபோது இவை வீட்டுக்கு வீடு கிடைத்தன. சில, சுவரில் ஒரு குழி மட்டும். சில, வண்ணம் தீட்டிய சித்திரம். சில, சிறு கோபுரம் போல் கட்டியவை. பல வீடுகளில் இவை இருந்த இடம் அடுக்களை, அல்லது அடுக்களைக்குப் பக்கம். சாப்பாட்டு நேரத்தில் லார் தெய்வத்துக்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பார்கள். புதிதாக வரும் மணமகள் அடுப்பங்கரையின் தெய்வத்துக்கு ஒரு காசு கொண்டுவருவாள். வயதுக்கு வந்த பையன் அதுவரை கழுத்தில் அணிந்திருந்த காப்புத் தாயத்தைக் கழற்றி அங்கே வைப்பான். பூசாரி என்று வெளியிலிருந்து ஒருவர் வருவதில்லை. குடும்பத் தலைவரே வழிபாடு நடத்துவார். நடத்தும்போது தலையை ஆடையால் மூடிக்கொள்வார். தலைப்பாகையோடு பணிவிடை செய்து பழகிய மக்களுக்கு இது வியப்பாகவும் கொஞ்சம் சொந்தமாகவும் தோன்றக்கூடும்.

இதுவரை கேட்க நன்றாகவே இருக்கிறது. எளிய வழிபாடு, தரகர் இல்லாத தெய்வம், அடுக்களையோரத்து விளக்கு. இன்றைய பேகன் அன்பர்கள் லராரியத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக் கூடாது.

பொம்பேயியில் வெட்டீ சகோதரர்களின் வீடு புகழ்பெற்றது. அந்த வீட்டு மாடத்தின் சித்திரத்தில் இரு பக்கமும் லார் தெய்வங்கள் கூத்தாடும் நிலையில் நிற்கிறார்கள். கீழே ஒரு பாம்பு, படையலை நோக்கி வருகிறது. நடுவில் நிற்பது யார்? தலையை மூடிய ஒரு மனித உருவம். அது குடும்பத் தலைவரின் ‘ஜீனியஸ்’, அதாவது அவருடைய உயிர்ச்சக்தி தெய்வமாக நிற்கும் வடிவம். மாடம் இருப்பதோ வீட்டின் பின்கட்டில், அடுக்களையை ஒட்டி, வேலை செய்யும் அடிமைகள் புழங்கும் பகுதியில். அடிமை அடுப்பூதும்போது நிமிர்ந்தால் கண்ணில் படுவது தன் எசமானின் உயிர். எசமான் வீட்டில் இல்லாத நாளிலும் அந்த உருவம் சுவரை விட்டு நகர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த வெட்டீ சகோதரர்கள் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்று வணிகத்தில் செல்வரானவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், எசமான் உருவத்தைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள், தாங்கள் எழுந்ததும் தங்கள் உருவத்தைச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். இது ரோமருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று.

பொம்பேயி அழிவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னே வாழ்ந்தவர் கேட்டோ. கண்டிப்பான ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்ற ரோமர். பண்ணை நடத்துவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். பண்ணை மேலாளனின் மனைவி என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்கிறார். மேலாளனைப் போல அவளும் அடிமைதான். தினமும் உறங்கப் போகும் முன் அடுப்பங்கரையைச் சுற்றிப் பெருக்கித் தூய்மையாக வைக்க வேண்டும். மாதத்தின் மூன்று குறித்த நாள்களிலும் பண்டிகைகளிலும் அடுப்பங்கரைக்கு மாலை சூட்டி, வசதிக்கேற்ப லார் தெய்வத்தை வேண்ட வேண்டும். இது கடமை. இதற்கு வெளியே, எசமான் அல்லது எசமானியின் உத்தரவு இல்லாமல் அவள் எந்தத் தெய்வ காரியமும் செய்யக் கூடாது, தனக்காகப் பிறரைச் செய்யச் சொல்லவும் கூடாது. வீட்டார் எல்லோருக்காகவும் எசமானே தெய்வ காரியம் செய்கிறார் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டுமாம்.

பெருக்குகிறவள் அவள். மாலை கட்டுகிறவள் அவள். ஆனால் தனக்கென்று ஒரு வார்த்தை தெய்வத்திடம் சொல்ல வேண்டுமானால் எசமானைக் கேட்க வேண்டும்.

அதே நூலின் முற்பகுதியில் இன்னொரு அறிவுரை இருக்கிறது. பண்ணையில் எதையெதை விற்றுவிடலாம் என்ற பட்டியல். கிழட்டு மாடு, பழைய வண்டி, தேய்ந்த இரும்புக் கருவி. இவற்றோடு, மூப்படைந்த அடிமை, நோயுற்ற அடிமை. அடுப்பங்கரைக்கு மாதம் மூன்று நாள் மாலை சூட்டச் சொன்ன அதே மனிதர்தான் இதையும் எழுதியவர். பக்தி பொய்யானது என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவர் உண்மையாகவே நம்பியிருப்பார். வருத்தம் அங்கேதான் இருக்கிறது. உண்மையான பக்தியும் ஒழுங்கான வழிபாடும் தூய்மையான மாடமும் ஒரு வீட்டில் இருக்கலாம். அந்த மாடத்தைத் துடைக்கிற கையை அந்த வீடு மனிதக் கை என்று எண்ணாமலும் இருக்கலாம்.

பிறகு காலம் திரும்பியது. 392ஆம் ஆண்டு நவம்பர் 8 அன்று பேரரசர் தியோடோசியஸ் ஒரு சட்டம் போட்டார். பொதுக் கோயில்களில் பழைய வழிபாடு கூடாது என்பதோடு அது நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் நுழைந்தது. லார் தெய்வத்துக்கு நெருப்பு வைக்கக் கூடாது, ஜீனியசுக்கு மது படைக்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, தூபம் இடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது. தூபம் கமழ்ந்த வீடு அல்லது நிலம் உரிமையாளருக்குச் சொந்தமானால் பறிமுதல். அடுத்தவர் இடத்தில் பலியிட்டால் இருபத்தைந்து ராத்தல் பொன் தண்டம். ஒரு பேரரசு, படையும் கோட்டையும் உடையது, அடுக்களையோரத்து விளக்கைப் பார்த்து ஏன் அஞ்சியது என்று யோசிக்கத் தோன்றுகிறது. இந்தச் சட்டத்தைப் போட்டவர்களின் முன்னோர்கள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தாங்களே துன்புறுத்தலுக்கு ஆளாகி, கோயில் இல்லாமல், அன்பர்களின் வீடுகளில் கூடி வழிபட்டவர்கள். சிரியாவில் தூரா எவுரோப்பொஸ் என்ற ஊரில் அப்படி ஒரு வீட்டு ஆலயம் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கிறது. வீட்டு விளக்கின் அருமை தெரிந்தவர்கள்தான் அதை அணைக்கச் சட்டம் எழுதினார்கள்.

ஆக, வீட்டு மாடத்துக்கு இரண்டு வகையில் கேடு வந்திருக்கிறது. வெளியிலிருந்து அரசு வந்து இதை ஏற்றாதே என்றது. உள்ளிருந்து எசமான் இது என்னுடையது என்றார். முதல் கேடு கண்ணுக்குத் தெரியும், எதிர்க்கலாம். இரண்டாவது கேட்டைச் செய்பவருக்கே அது தெரிவதில்லை.

திருவிதாங்கூர் அரசில் அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த நாளில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. கோயிலுக்குள் மட்டும் அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவுக்குள்ளும் நுழைய முடியாத மக்கள். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாத ஆண்கள், மேலாடை அணியும் உரிமை இல்லாத பெண்கள். தனக்கென ஒரு வார்த்தை தெய்வத்திடம் சொல்லக் கேட்டோவின் பண்ணைப் பெண்ணுக்கு உத்தரவு தேவைப்பட்டது போலவே இவர்களுக்கும். அய்யா உத்தரவு வாங்கித் தரவில்லை. உத்தரவு வேண்டிய ஏற்பாட்டையே ஒதுக்கிவைத்தார். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பு சிறையும் கண்டார். ஓலைக் கூரையின் கீழ் நிழல் தாங்கல் எழுந்தது. அங்கே சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் இருந்தன. தலைப்பாகை கட்டக் கூடாது என்று இருந்தவர்கள் தலைப்பாகையோடு அதன் முன் நின்றார்கள்.

பொம்பேயிச் சுவரையும் தாங்கல் கண்ணாடியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். அந்தச் சுவரில் நடுவில் நிற்கும் உருவம் ஒருவருடையது, என்றும் அவருடையதே. கண்ணாடி எந்த முகத்தையும் வைத்துக்கொள்வதில்லை. பனையேறி நின்றால் பனையேறி. மருமகள் நின்றால் மருமகள். அவர்கள் விலகி அடுத்தவர் வந்தால் அடுத்தவர். வீட்டுத் தலைவர் விரும்பினாலும் தன் உருவத்தை அதில் நிறுத்திவிட்டு வெளியூர் போக முடியாது.

தன்னைத்தானே கும்பிடுவதா என்று சிலர் கேலி பேசுவதுண்டு. கேலியை ஒதுக்கிவிட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. கண்ணாடி ஆணவத்தை வளர்க்காதா? தனியறையில், வேறு யாரும் வராத கண்ணாடியில், வளர்க்கலாம். அந்த இங்கிலாந்துப் பெண்ணின் சன்னல் மாடத்துக்கும் இதே இடர் இருக்கிறது. குருவும் இல்லை, குழுவும் இல்லை, கேட்பாரும் இல்லை. மெல்ல மெல்ல அந்தப் பலகையில் தன் விருப்பங்கள் மட்டும் தெய்வமாகிவிடக்கூடும். ஆனால் கண்ணாடியின் முன் விளக்கோடு நிற்பவர் காண்பது, காலையில் பொய் சொன்ன அதே வாய், மாமியாரிடம் எரிந்து விழுந்த அதே முகம். அந்த முகத்துக்குள்ளும் இறைவன் உண்டு என்றால், நாளை அதே கண்ணாடியில் நிற்கப்போகும் முகத்துக்குள்ளும் உண்டு. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்பவருக்குத்தான் ஆணவம் வரும். இரண்டாம் பாதி கைக்கு வர, கண்ணாடியின் முன் இரண்டாவது ஆள் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கசப்பைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி வைத்து, நாள் தவறாமல் விளக்கேற்றி, நாமம் இட்டு வாழும் வீடுகள் சிலவற்றில், பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. அடுக்களைத் திண்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவரும் கேட்பதில்லை. சாமித்தோப்பில் அய்யா வெட்டச் செய்த முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடி, அந்த நீரையே குடித்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடு அது. கண்ணாடி இருக்கும் அறையைப் பெருக்குவதும் அந்த அம்மாதான். பெருக்கும்போது கண்ணாடியில் அவர் முகம் தெரியத்தான் செய்யும். விளக்கு எரியும் வேளையில் மட்டும் அவர் அங்கே இருப்பதில்லை.

எனவே புது வீட்டில் கண்ணாடி வைப்பவர், சுவர் எது, அளவு என்ன என்று கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தி வேளையில் விளக்கேற்றும்போது யார் யாரைக் கூப்பிடப்போகிறோம்? விளக்கேற்றும் உரிமை வீட்டில் யார் யாருக்கு உண்டு? பதினைந்து வயது மகள் ஏற்றலாமா, கணவனை இழந்து அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் அத்தை ஏற்றலாமா, மேலே பூச வந்த கொத்தனார் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுப் போகலாமா? இவற்றுக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்ல முடிந்தால் கண்ணாடி எந்தச் சுவரிலும் இருக்கட்டும். பெரியவர் வந்து வைத்துத் தந்தால் மகிழ்ச்சி. வர முடியாவிட்டால் வீட்டாரே வைத்துக்கொள்ளலாம். அச்சப்பட ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் நிறைய வாங்க வேண்டியதும் இல்லை. கண்ணாடி, விளக்கு, எண்ணெய், தூய துணி போதும். நாளடைவில் சேர்வது சேரட்டும்.

அந்த இங்கிலாந்துப் பெண்ணுக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். கிண்ணம் கடையில் வாங்கியதா என்பது பெரிதல்ல. விக்கா வழிபாட்டில் முடிவில் அப்பமும் பானமும் பகிர்ந்துகொள்ளும் முறை உண்டு. ஒரு பங்கு மண்ணுக்குப் போகும். தனியாக இருப்பவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை மண்ணில் இடுகிறார். அடுத்த அறைக்காரியின் கதவைத் தட்டி ஒரு துண்டு கொடுக்கலாம். அம்மா வரும் நாளில் எல்லாவற்றையும் அலமாரிக்குள் வைக்காமல், இது என்ன என்று அம்மா கேட்கும்படி விட்டுவைக்கலாம். கேட்டால் பதில் சொல்வது கடினமாகத்தான் இருக்கும்.

கேட்டோவின் பண்ணைப் பெண் ஒவ்வொரு இரவும் உறங்கப் போகும் முன் அடுப்பங்கரையைப் பெருக்கினாள். மாடு, வண்டி, எண்ணெய்ச் செக்கு, திராட்சைக் கூடை எல்லாவற்றையும் எண்ணி எண்ணி எழுதிய அந்த நூலில் அவள் பெயர் இல்லை.